பொம்மை விண்கலம் ஏன் பொம்மையாகவே தெரிகிறது?

பிவிசி குழாய், தீர்ந்துபோன பேனாக்கள், ஷாம்பு பாட்டில் மூடி எல்லாம் சேர்த்து ஒரு கற்பனை விண்கலம் செய்திருக்கிறார் வாசகர் ஒருவர். நேரில் அட்டகாசமாக இருக்கிறதாம். கேமராவில் எடுத்தால் மட்டும் விளையாட்டுச் சாமான் போலத் தெரிகிறதாம். பெயிண்டை மாற்றட்டுமா என்று கேட்கிறார். படத்தைப் பார்த்தேன். பெயிண்டைத் தொட வேண்டாம், லென்ஸைக் கவனியுங்கள்.

சினிமாக்காரர்கள் இதோடு நிறையவே மல்லுக்கட்டியிருக்கிறார்கள். 'ஸ்டார் ட்ரெக்' தொடருக்காக 1964-இல் செய்த எண்டர்பிரைஸ் கலத்தின் பெரிய மாதிரி சுமார் 3.4 மீட்டர் நீளம். கதையில் அந்தக் கலம் 289 மீட்டர். அதாவது 85-இல் ஒரு பங்கு. இப்போது வாஷிங்டனில், ஸ்மித்சோனியனின் வான், விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விளக்குகளுக்கான ஒயர்கள் இடப்பக்கமாக வந்ததால் அந்தப் பக்கத்தை முழுதாக முடிக்கவே இல்லை. கேமரா பார்த்ததெல்லாம் வலப்பக்கம்தான்.

மேற்பரப்பு நுணுக்கங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1977-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கு, கடையில் விற்கும் டாங்கி, விமான பிளாஸ்டிக் கிட்டுகளைப் பிரித்து, அந்தத் துண்டுகளைக் கலங்களின் மேல் ஒட்டினார்கள். துணுக்குகள் சிறுக்கச் சிறுக்க, உடல் பெரிது என்று மூளை நம்பிவிடுகிறது. சரி, லென்ஸுக்கு வருவோம்.

ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் ஒளி, லென்ஸின் துவாரம் முழுவதையும் நிரப்பிக்கொண்டு நுழைகிறது. பிறகு கூம்பாகக் குவிந்து ஃபிலிமில் மறுபடி புள்ளியாகிறது. வேறு தூரத்தில் இருக்கும் புள்ளியின் கூம்போ ஃபிலிமுக்கு முன்னாலோ பின்னாலோ குவியும். ஃபிலிமில் விழுவது ஒரு சிறு வட்டம், அதாவது மங்கல். துவாரம் அகலமானால் கூம்பும் தடிக்கும், மங்கலும் கூடும்.

50 மி.மீ. லென்ஸ், எஃப் 2.8 என்று வைத்துக்கொள்வோம். 50-ஐ 2.8-ஆல் வகுத்தால் துவாரம் சுமார் 18 மி.மீ. 300 மீட்டர் தள்ளி நிஜமான கலம் நின்றால் மூக்கு முதல் வால் வரை கூர்மையாக விழும். அத்தனை தூரத்துக்கு 18 மி.மீ. ஒரு பொருட்டே இல்லை. இப்போது 85-இல் ஒரு பங்கு மாதிரியை அதே கோணத்தில் எடுக்க, கேமரா மூன்றரை மீட்டரில் நிற்க வேண்டும். கலம் சுருங்கிவிட்டது, தூரமும் சுருங்கிவிட்டது. லென்ஸ் சுருங்கவில்லை! அந்தக் குட்டி உலகத்தின் அளவில் பார்த்தால், ஒன்றரை மீட்டர் அகலக் கண்மணியோடு ஒரு பூதம் எட்டிப் பார்க்கிறது. கூர்மையாக விழுவது சுமார் 85 செ.மீ. ஆழத்துக்கு மட்டும். மூக்கைக் குறிவைத்தால் வால் மங்கும். பக்கத்தில் இருக்கும் சின்னப் பொருளைப் பார்க்கும்போதுதான் இப்படி மங்கும் என்பது மூளைக்குப் பழக்கம். குட்டு உடைந்துவிடும்.

அப்படியானால் துவாரத்தையும் 85 மடங்கு சுருக்கி 0.2 மி.மீ. ஆக்கினால்? இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. ஒளி ஓர் அலை. மிகச் சிறிய துவாரத்தில் நுழைந்தால் பரந்து விரியும். பள்ளியில் படித்த விளிம்பு விளைவு. 0.2 மி.மீ. துவாரத்தில் ஒவ்வொரு புள்ளியும் ஃபிலிமில் 0.3 மி.மீ.க்கு மேல் விரிந்து, படம் முழுக்கவே குழம்பிவிடும். எஃப் 22 வரை, அதாவது சுமார் 2.3 மி.மீ. வரை குறைக்கலாம், அப்போது விரிவு 0.03 மி.மீ., கண் பொறுத்துக்கொள்ளும். அதற்குக் கீழே போனால் ஒரு பக்கம் கிடைத்த கூர்மையை மறுபக்கம் அலை பிடுங்கிக்கொள்ளும். கலத்தைச் சுருக்கலாம், ஒளியின் அலைநீளத்தைச் சுருக்க முடியாதே. அதனால்தான் மாதிரிகள் பெரிதாக இருக்க வேண்டியிருந்தது. 1968-இல் வெளியான '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'யின் டிஸ்கவரி கலத்துக்குச் செய்த பெரிய மாதிரி சுமார் 16 மீட்டர்!

செல்போன் லென்ஸின் துவாரம் இயல்பாகவே மிகச் சிறியது, எனவே பெரிய கேமராவை வைத்துவிட்டு போனை எடுங்கள். போர்ட்ரெய்ட் மோடு வேண்டாம், அது வேண்டுமென்றே மங்கலைச் சேர்ப்பது. ரொம்பக் கிட்டே போகாமல், தள்ளி நின்று எடுத்து வெட்டிக்கொள்ளுங்கள்.

  

சினிமாக்காரர்கள் துவாரத்தைக் குறைத்ததற்கு ஒரு விலை உண்டு. எஃப் 2.8-லிருந்து எஃப் 22-க்குப் போனால் ஒளி சுமார் 62-இல் ஒரு பங்காகும். வழக்கமாக ஒரு நொடியில் 48-இல் ஒரு பங்கு நேரம் திறக்கும் ஷட்டர், ஒரு நொடிக்கு மேல் திறந்திருக்க வேண்டும். நிறுத்தி நிறுத்தி எடுத்தால் இயக்கம் வெட்டி வெட்டித் தெரியும். ஷட்டர் திறந்திருக்கும்போதே கேமரா மெல்ல நகர்ந்தால்தான் நகரும் பொருளை நிஜக் கேமரா எடுக்கும்போது விழும் இயல்பான இழுபட்ட மங்கல் கிடைக்கும். எல்லாமே 62 மடங்கு மெதுவாக நடப்பதால், பத்து நொடிக் காட்சிக்குப் பத்து நிமிடம். அப்புறம் அதே பாதையில் மறுபடி போய் ஜன்னல் விளக்கைத் தனியாக எடுக்க வேண்டும், இன்னொரு முறை எஞ்சின் வெளிச்சத்தை. மனிதக் கையால் இப்படித் துல்லியமாகத் திரும்ப நகர்த்த முடியாது. 'ஸ்டார் வார்ஸ்' குழுவில் ஜான் டைக்ஸ்ட்ராவின் தலைமையில் உருவான டைக்ஸ்ட்ராஃப்ளெக்ஸ் என்ற இயந்திரம், கேமராவின் நகர்வை நினைவில் வைத்து அப்படியே திரும்பச் செய்தது.

கடைசியாக விளக்கு. பூமியருகே சூரியனின் கோண அகலம் அரை டிகிரி. கோணத்துக்கு அளவு மாற்றம் கிடையாது, மாதிரிக்கும் அதே அரை டிகிரிதான். 5 செ.மீ. முகமுள்ள எல்இடி விளக்கென்றால் ஆறு மீட்டர் தள்ளி வையுங்கள், நிழல் கத்திபோல் விழும். எதிர்ப்பக்கம் கறுப்புத் துணி கட்டுங்கள். உங்கள் கலம் வியாழனுக்குப் போகிறது என்றால் சூரியன் அங்கே ஐந்தில் ஒரு பங்குக்குச் சுருங்கிவிடும். அதே விளக்கை 30 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். மொட்டை மாடி போதாது, அடுத்த வீட்டு மாடியையும் கேட்க வேண்டியிருக்கும்.