ஜெனரல் ஆவரேஜ் – பொது இழப்புப் பங்கீடு

கடல் வணிகச் சொல்லான ஜெனரல் ஆவரேஜ் என்பதைப் 'பொதுச் சராசரி' என்று பெயர்த்தால் பொருள் அடியோடு கெட்டுவிடும். கப்பலும் சரக்கும் சேர்ந்து ஆபத்தில் மாட்டும்போது, இரண்டையும் காப்பாற்றுவதற்காக, தெரிந்தே ஒரு பகுதியை இழக்கிறார்கள் அல்லது வழக்கத்துக்கு மீறிய செலவு செய்கிறார்கள். அந்த இழப்பைக் கப்பல் உரிமையாளரும் சரக்குக்காரர்கள் அத்தனை பேரும் அவரவர் மதிப்புக்கு ஏற்பச் சுமப்பதே இது. 'பொது இழப்புப் பங்கீடு' என்பதே சரியான தமிழ்.

அரபியில் 'அவார்' என்றால் பழுது. மத்தியதரைக் கடல் வணிகர் வாயில் அது இத்தாலியில் 'அவாரியா', பிரெஞ்சில் 'அவாரி' என்றாகி, ஆங்கிலத்தில் வால் மாறி 'ஆவரேஜ்' ஆனது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் வழி. இழப்பை விகிதப்படி பங்கிட்ட பழக்கத்திலிருந்துதான் கணக்கில் வரும் சராசரிப் பொருள் பின்னர் கிளைத்தது. (நம் 'சராசரி'யும் பாரசீக வரவு என்பது வேறு கதை.)

வழக்கமோ சொல்லைவிடப் பழையது. பாரம் குறைக்கப் பொருளைக் கடலில் வீசினால், எல்லோருக்காகவும் இழந்ததை எல்லோரும் சேர்ந்து ஈடுகட்ட வேண்டும் என்கிறது ரோட்ஸ் தீவுச் சட்டம். பேரரசர் ஜஸ்டினியன் கி.பி. 533இல் வெளியிட்ட ரோமானியச் சட்டத் தொகுப்பில் அது இருக்கிறது. இன்று நடப்பில் உள்ளவை இந்தப் பங்கீட்டுக்கான சர்வதேச விதிகளான யார்க்-ஆன்ட்வெர்ப் விதிகள். கடைசித் திருத்தம் 2016. சரக்கு ஏற்றியதற்குக் கப்பல்காரர் தரும் ஆவணமான பில் ஆஃப் லேடிங்கில் இவற்றைக் குறிப்பிட்டிருப்பதால்தான் இவை சரக்குக்காரரைக் கட்டுப்படுத்துகின்றன.

எது சேரும், எது சேராது என்பதில்தான் சண்டையே. புயலில் கன்டெய்னர் தானாகச் சரிந்து கடலில் விழுந்தால் அது தனி இழப்பு, பங்கீட்டில் வராது. தரை தட்டிய கப்பலை மிதக்கவைக்கப் பிடித்த இழுவைக் கப்பலின் கூலி வரும். தீ விபத்து இன்னும் நுணுக்கமானது: எரிந்த சரக்கு சேராது, தீயை அணைக்க அடித்த நீரில் நனைந்தது சேரும், புகையிலும் வெப்பத்திலும் கெட்டது சேராது. ஒரே கன்டெய்னருக்குள் மூன்றும் நடந்திருக்கலாம். சேதத்தை ஆய்வு செய்யும் சர்வேயர் அவற்றைப் பிரித்து எழுதாவிட்டால் பின்னால் நிரூபிப்பது கடினம்.

கணக்கு எளிது. பயண முடிவில் கப்பலின் மதிப்பு 30 கோடி, சரக்கு மொத்தம் 70 கோடி, பொது இழப்பு 5 கோடி என்றால் பங்கு 5 சதவீதம். 40 லட்சம் மதிப்புள்ள சரக்குக்காரர் 2 லட்சம் தர வேண்டும். அவருடைய சரக்கைத்தான் கடலில் வீசினார்கள் என்றாலும் அந்த 2 லட்சம் கழித்தே, 38 லட்சம் கைக்கு வரும். இல்லையென்றால் சரக்கை இழந்தவர் மட்டும் நட்டமே இல்லாமல் தப்பிவிடுவார்.

கணக்கு முடிய ஆண்டுகள் ஆகும். அதுவரை பிணை இல்லாமல் சரக்கை விடமாட்டார்கள். சரக்கைப் பெறுபவர் தன் பங்கைத் தருவேன் என்று உறுதியளிக்கும் ஆவரேஜ் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும், காப்பீட்டு நிறுவனம் உத்தரவாதம் தர வேண்டும். காப்பீடு இல்லாதவர் ரொக்கம் கட்ட வேண்டும். 2018 மார்ச்சில் அரபிக் கடலில் தீப்பிடித்த மார்ஸ்க் ஹோனாம் கப்பலில் கப்பலைக் காப்பாற்றியவர்களின் மீட்புக் கூலிக்காக 42.5 சதவீதமும் பொது இழப்புக்காக 11.5 சதவீதமும் பிணையாகக் கேட்டார்கள். சரக்கு மதிப்பில் பாதிக்கு மேல்! சூயஸ் கால்வாயில் 2021 மார்ச் 23 முதல் 29 வரை குறுக்கே நின்ற எவர் கிவன் கப்பலுக்கும் உரிமையாளர் பங்கீடு அறிவித்தார்.

கப்பல்காரர் சட்டப்படி பொறுப்பேற்க வேண்டிய தவறே ஆபத்துக்குக் காரணம் என்று நிரூபித்தால் பங்கு தர மறுக்கலாம். 2011இல் சீனாவின் சியாமென் துறைமுகத்தை விட்டுப் புறப்படும்போது தரை தட்டிய சிஎம்ஏ சிஜிஎம் லிப்ரா வழக்கில், பயணத் திட்டம் குறையுடையது, ஆகவே கப்பல் கடலுக்கு ஏற்றதாக இல்லை என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. சரக்குக்காரர்கள் பங்கு தர வேண்டியதில்லை என்றாயிற்று.

கடல்வழிச் சரக்குக் காப்பீட்டில் பரவலாகப் பயன்படும் இன்ஸ்டிட்யூட் விதிகளில் ஏ, பி, சி என்ற மூன்று வகைகளுமே பொது இழப்புப் பங்கை ஏற்கின்றன; மிக மலிவான சி பாலிசியே இதற்குப் போதும். ஆனால் பிரீமியத்தை மிச்சப்படுத்த 40 லட்சம் சரக்கை 30 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்திருந்தால், அந்த 2 லட்சத்தில் காப்பீட்டு நிறுவனம் பொதுவாக ஒன்றரை லட்சம்தான் தரும். மீதி 50,000 கைக்காசு.