சப்டைட்டிலில் தமிழ் ஏன் சிதைகிறது?

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத தம் தாயாருக்கு ஒரு ஜப்பானியப் படத்தைக் காட்ட விரும்பி, தன்னார்வலர் ஒருவர் தமிழில் எழுதிய சப்டைட்டில் கோப்பைத் தேடிப் பெற்று மடிக்கணினியில் ஓட்டியிருக்கிறார். படம் தெரிந்தது, ஒலியும் கேட்டது. ஆனால் திரையின் அடியில் தமிழுக்குப் பதிலாக, தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சிறிய ‘ஏ’ எழுத்தும், வட்டத்துக்குள் அடைபட்ட ‘ஆர்’ குறியும், முக்கால் என்ற பின்னமும் வரிவரியாக வந்து நின்றன. பழுதுபார்க்கும் கடையில் காட்டியபோது, வைரஸ் புகுந்துவிட்டது, ஃபார்மேட் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். புரியாத எதற்கும் வைரஸைக் காரணம் காட்டுவது, காய்ச்சலுக்குக் கண்ணேறைக் காரணம் காட்டுவதற்குச் சற்றும் குறைந்த மூடநம்பிக்கை அன்று. அவருடைய கோப்பில் ஒரு பைட்கூடக் கெடவில்லை.

முதலில் அடிப்படையை வேகமாகக் கடந்துவிடுவோம். எம்கேவி என்று பெயர் முடியும் படக் கோப்பு ஒரு பெட்டி மட்டுமே. ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் ரஷ்ய மரப்பொம்மையின் பெயரை ஒட்டி ‘மத்ரோஸ்கா’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். காட்சி, பல மொழி ஒலித்தடங்கள், பல மொழிச் சப்டைட்டில்கள் எல்லாம் அதற்குள் தனித்தனியாக இருக்கும். வி.எல்.சி. போன்ற பிளேயர் அவற்றைப் பிரித்தெடுத்து ஒரே நேரக்கோட்டில் ஓட்டுகிறது. பெட்டிக்கு வெளியே தனியாகக் கிடைக்கும் எஸ்ஆர்டி கோப்பு அதைவிட எளியது: ஒரு வரிசை எண், அதன் கீழே 00:12:07,250 --> 00:12:09,900 என்பதுபோல் தொடக்க நேரமும் முடிவு நேரமும், அதன் கீழே வசனம். படத்தின் பெயரையே இந்தக் கோப்புக்கும் வைத்து, இரண்டையும் ஒரே ஃபோல்டரில் போட்டால் பிளேயர் தானாகவே எடுத்துக்கொள்ளும்.

எஸ்ஆர்டி கோப்பு வெறும் உரை என்பதில்தான் சிக்கலும் இருக்கிறது, அழகும் இருக்கிறது. கணினிக்கு எழுத்து தெரியாது. 0 முதல் 255 வரையிலான எண்கள்தான் தெரியும், அவற்றில் ஒவ்வொன்றும் ஒரு பைட். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோட் அட்டவணையில் ‘அ’ என்ற எழுத்துக்குக் கிடைத்திருக்கும் எண் 2949. இது 255-ஐத் தாண்டிவிடுவதால் ஒரு பைட்டில் அடங்காது. இதை எப்படி உடைத்து எழுதுவது என்பதற்கு கணினி அறிஞர்களான கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992 செப்டம்பரில், நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில் இரவு உணவுக்கு அமர்ந்தபோது, தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில் எழுதிப் பார்த்த வழிமுறைதான் யூடிஎஃப்-8. நான் அறிந்த பொறியியல் தீர்வுகளில் இதைவிட அழகானவை மிகச் சிலவே.

2949-ஐ இரும எண்ணாக எழுதினால் 101110000101. முன்னால் நான்கு சுழிகளைச் சேர்த்து 0000, 101110, 000101 என்று மூன்று துண்டுகளாக வெட்டுங்கள். முதல் துண்டுக்கு முன்னால் 1110 என்ற முத்திரையை வையுங்கள். அதிலுள்ள மூன்று ஒன்றுகள், “இந்த எழுத்து மூன்று பைட்டுகளால் ஆனது” என்ற அறிவிப்பு. அடுத்த இரண்டு துண்டுகளுக்கும் முன்னால் 10 என்று போடுங்கள். அதற்கு, “நான் தொடக்கமல்ல, தொடர்ச்சி” என்று பொருள். இப்போது கிடைப்பவை 224, 174, 133 என்ற மூன்று எண்கள். கோப்பின் நடுவே எங்கே குதித்தாலும், 10 என்று தொடங்கும் பைட்டைக் கண்டால் ஓரிரு அடி பின்னால் நகர்ந்து எழுத்தின் தலையைப் பிடித்துவிடலாம். வேறு முறையில் எழுதப்பட்ட உரை தற்செயலாக இந்த ஒழுங்குக்குள் பொருந்துவது மிக அரிது என்பதால், ஒரு கோப்பு யூடிஎஃப்-8 தானா என்று மென்பொருளால் சோதித்தறியவும் முடிகிறது.

யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் 2944 முதல் 3071 வரை. ஆகவே எந்தத் தமிழ் எழுத்தானாலும் முதல் பைட் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவதுதான் எழுத்துக்கு எழுத்து மாறும். ‘அம்மா’ என்பது அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறிகள், பதினைந்து பைட்டுகள். இவற்றை மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய விண்டோஸ் அட்டவணையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பைட்டாக வாசித்தால், 224 சாய்கோடு போட்ட ‘ஏ’ ஆகிறது. 174 வட்டத்துக்குள் ‘ஆர்’ ஆகிறது. காலின் கடைசி பைட்டான 190 முக்கால் ஆகிறது. வாசகி திரையில் கண்டது இதைத்தான். தமிழ் முழுவதும் அங்கேயே இருந்தது, வாசித்த அட்டவணைதான் தவறு. ஜப்பானியர்கள் இந்தக் கோலத்துக்கு ‘மொஜிபாகே’, அதாவது எழுத்து உருமாறுதல், என்று தனிச்சொல்லே வைத்திருக்கிறார்கள்.

நம்மிடமும் இதற்கு மூத்த உறவு ஒன்று உண்டு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த ‘அம்மா’, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கிலமாக நிற்கும். அது வேறு நோய்; அட்டவணையை மாற்றினால் தீராது, மாற்றிக் கருவியைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

வாசகிக்கு வேண்டிய மருந்து இரண்டு நிமிட வேலை. வி.எல்.சி.யில் ‘டூல்ஸ்’ மெனுவில் ‘பிரிஃபரன்சஸ்’ சென்று, ‘சப்டைட்டில்’ பகுதியில் ‘டிஃபால்ட் என்கோடிங்’ என்ற இடத்தில் யூடிஎஃப்-8-ஐத் தேர்ந்து சேமித்துவிட்டு, பிளேயரை மூடித் திறக்க வேண்டும். ஓர் எச்சரிக்கை மட்டும்: தமிழ் எழுத்துகள் சரியாகத் தெரியும் கோப்பை நோட்பேடில் திறந்து ‘ஆன்சி’ (மேலே சொன்ன பழைய விண்டோஸ் அட்டவணை) என்ற தேர்வில் சேமித்துவிடாதீர்கள். அந்த அட்டவணையில் தமிழுக்கு இடமே இல்லாததால் ஒவ்வொரு குறியும் கேள்விக்குறியாக எழுதப்படும். அதன்பின் வசனத்தின் இடத்தில் இருப்பது கேள்விக்குறிக்கான 63 என்ற எண் மட்டுமே. எந்த நிபுணராலும் அதிலிருந்து வசனத்தை மீட்க முடியாது.

எண்கள் சரியாக வாசிக்கப்பட்ட பிறகும் ஒரு படி பாக்கியிருக்கிறது. ‘கொ’ என்பது கோப்பில் முதலில் ‘க’, பிறகு ஒகரக் குறி என்ற வரிசையில்தான் இருக்கும். திரையிலோ கொம்பு ககரத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் வர வேண்டும். குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பை முன்னால் நகர்த்தி வைக்கும் வேலையை ஹார்ஃப்பஸ் என்ற திறமூல நிரல் செய்கிறது, வி.எல்.சி., ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு எல்லாமே அதைத்தான் நம்பியிருக்கின்றன. இது இல்லாத பழைய பிளேயர்களில் கொம்பு இடம் மாறித் தொங்கும். எழுத்துக்குப் பதிலாகக் கட்டங்கள் வந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள். நிர்மலா அல்லது நோட்டோ சான்ஸ் தமிழைத் தேர்ந்தால் போதும். நாம் தமிழ் வளர்ச்சிக்கென்று விழா மேடைகளுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்காவது இத்தகைய நிரல்களில் வேலை செய்யும் இளைஞர்களுக்கு ஊதியமாகப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு மொழி திரையில் பிழையின்றி நிற்பது வாழ்த்துப் பாடல்களால் நடப்பதில்லை.

வாசகி மறுபடியும் எழுதினார். எழுத்துகள் வந்துவிட்டன, ஆனால் தொடக்கத்தில் பொருந்தியிருந்த வசனங்கள் போகப்போக முந்திக்கொண்டு, ஒரு மணி நேரம் ஆனபோது இரண்டு நிமிடத்துக்கும் மேல் முன்னால் ஓடுகின்றன என்றார். இது பைட்டின் குற்றமல்ல. நொடிக்கு 24 சட்டங்களில் (ஃப்ரேம், அதாவது தனித்தனிப் படங்கள்) எடுக்கப்பட்ட படத்தை ஐரோப்பியத் தொலைக்காட்சி முறைக்காக 25 சட்டங்களில் ஓட்டும்போது, 60 நிமிடக் காட்சி 57 நிமிடம் 36 நொடியில் முடிந்துவிடும். அப்படி வேகமான பிரதியைப் பார்த்து எழுதிய நேரக்குறிகள், 24 சட்டங்களில் ஓடும் அவருடைய கோப்புக்குப் பொருந்தவில்லை. வி.எல்.சி.யில் ஜி, எச் விசைகள் எல்லா வரிகளையும் ஒரே அளவு நகர்த்துமே தவிர, வளர்ந்துகொண்டே போகும் இடைவெளியை அடைக்க மாட்டா. ஒவ்வொரு நேரக்குறியையும் 25/24-ஆல் பெருக்க வேண்டும். ‘சப்டைட்டில் எடிட்’ என்ற இலவச மென்பொருளில் சட்ட வேகத்தை 25-லிருந்து 24-க்கு மாற்றச் சொன்னால் அது கோப்பு முழுவதையும் பெருக்கித் தந்துவிடும். சேமிக்கும்போது அங்கேயும் யூடிஎஃப்-8 தேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.