"குளிசையை மட்டும் தாங்கோ டொக்டர்"

"கதைக்கிறதுக்கெல்லாம் பஸ் எடுத்து வரேலாது."

இந்த மாதம் இதைச் சொன்ன மூன்றாவது ஆள், ஒட்டுசுட்டான் பக்கத்து அம்மம்மா ஒருவர். அவரில் எனக்குக் கோபமில்லை. ஒரு நாள் கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறி வருகிறவர். பேரனுக்கு 13 வயது. வயிற்றுக்குத்து, தலையிடி என்று ஊரெல்லாம் மருந்தெடுத்து, நூலும் கட்டி, கடைசியில்தான் எங்கள் மனநலக் கிளினிக்குக்கு வந்தான். (பிள்ளைகளின் மனச்சோர்வு எரிச்சலாகவும் வயிற்று நோவாகவும் வரும் என்று ஆசிரியர்களுக்கு எத்தனை தரம் சொல்லியாயிற்று!)

கோபம் வருவது, உளவளத்துணை, அதாவது கதைத்துச் செய்யும் இந்தச் சிகிச்சை என்றால் புத்திமதி என்று நினைக்கிறவர்களில். படித்தவர்களும் இதில் சேர்த்தி. "நாங்களும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தம், கேக்கிறானில்லை" என்பார்கள். சரி, என்ன சொன்னீர்கள்? "முள்ளிவாய்க்கால் கடந்து வந்த நாங்களே இருக்கிறம், உனக்கென்ன குறை?" அதோடு பிள்ளை வாயை மூடிவிடும். இந்தப் பொடியன் எங்களோடு வாய் திறந்தது மூன்றாம் தரம்தான். கணக்கில் புள்ளி குறைய, 'நான் ஒன்றுக்கும் உதவாதவன்' என்று நினைக்கிறான். பள்ளிக்கூடம் போகாமல் படுக்கிறான். படுக்கப் படுக்க அந்த நினைப்பு வளர்கிறது. இதை அவனையே கொப்பியில் எழுத வைத்தோம். பின்னேரம் அரை மணித்தியாலம் பந்தடிக்கப் போவது என்று அவனே ஒரு வேலையும் தெரிவு செய்தான். அதில் எங்கே புத்திமதி?

குளிசை வேண்டாம் என்று சொல்லவில்லை. இலேசான சோர்வுக்குக் கதைப்பதே முதல் சிகிச்சை. கடுமையானால் பெரும்பாலும் இரண்டும் வேண்டும். அமெரிக்காவில் 12 முதல் 17 வயதுவரையான, மனச்சோர்வுள்ள 439 பேரில் செய்து 2004இல் வெளியான ஆய்வில், 12 வாரத்தில் இரண்டும் பெற்றவர்களில் 71 வீதமானோர் நன்றாக முன்னேறினார்கள். ஃபுளுஒக்செற்றீன் என்ற மனச்சோர்வுக் குளிசையை மட்டும் எடுத்தவர்களில் 61, கதைத்தல் மட்டும் பெற்றவர்களில் 43.

குளிசை பலன் தர நாலைந்து கிழமை பிடிக்கும். இரண்டாம் கிழமையே நிறுத்தாதீர்கள். மாமாவின் குளிசையைப் பாதியாக முறித்துக் கொடுக்காதீர்கள். முதல் கிழமைகளில் பிள்ளை நிலைகொள்ளாமல் தவித்தாலோ, சாவதைப் பற்றிக் கதைத்தாலோ கிளினிக் திகதி பார்க்க வேண்டாம், உடனே கொண்டு வாருங்கள். இரவென்றால் தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்குக் கோல் எடுங்கள். வயலுக்கு அடிக்கும் மருந்தைப் பூட்டி வையுங்கள்.

அம்மம்மாவுக்குக் கிளினிக் நாளிலேயே கதைக்கும் நேரத்தையும் போட்டுக் கொடுத்தோம். உங்களுக்கும் கேட்டால் தருவார்கள். கேளுங்கள், சொல்லாமல் நின்றுவிடாதீர்கள்.