காரைச் சுவரும் பவளப் பாறையும்

காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளின் சுவரைத் தடவினால் பளிங்குபோல வழுக்கும். அந்தப் பூச்சுக்கு அடிப்படை கடற்சிப்பிச் சுண்ணாம்பு. சிப்பியைச் சூளையில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறும். நீற்றிப் பூசிய சுண்ணாம்பு அதே வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல வாங்கி மறுபடி கல்லாகும். மன்னார் வளைகுடாவின் பவளப் பாறையும் அதே கால்சியம் கார்பனேட்தான். அங்கே கொத்தனார் இன்னும் உயிரோடு வேலை செய்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

மிளகளவே உள்ள பவள உயிரி, கடல்நீரிலிருந்து சுண்ணத்தை எடுத்துத் தன் அடியில் கிண்ணம்போலக் கட்டுகிறது. அதற்கான தெம்பில் பெரும்பங்கைத் தருவது அதன் சதைக்குள் குடியிருக்கும் ஒற்றைச் செல் பாசி. பாசிக்கு வெயில் வேண்டும். ஆகவே நீர் தெளிவாக இருக்க வேண்டும். நாம் காலால் கிளப்பும் மணல் உயிரியின் மேல் படிந்தால், அதைத் தள்ள அது சளி சுரந்தே சோர்ந்துபோகும். நீர் வாரக்கணக்கில் 31 டிகிரியைத் தாண்டிச் சுட்டாலோ பாசி வெளியேறிப் பவளம் வெளுத்துவிடும். 2010-லும் 2016-லும் இங்கே அதுதான் நடந்தது. உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஒரு மிதியில் உடைவது பல ஆண்டு உழைப்பு.

சுண்ணாம்புக்காகவும் இந்தப் பாறைகளை முன்பு வெட்டினார்கள். அலையைத் தடுத்த அரண் போனதும் கரை அரித்து, பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன.

மூழ்கிய அந்த இரண்டையும் சேர்த்து, தூத்துக்குடி முதல் பாம்பன் வரையுள்ள 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியில்லாமல் எந்தத் தீவிலும் இறங்கக் கூடாது. காரைக்குடியிலிருந்து, இந்தக் கடலோர ஊரான மண்டபத்துக்கு ரயில் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை போவதே நல்லது. தென்மேற்குப் பருவக்காற்றில் ‘ஆண்கடல்’ என்கிற இந்தத் தென்கடல் கலங்கிவிடும். அப்போது கண்ணாடி அடித்தளப் படகில் போனாலும் பச்சைக் கலங்கல்தான் தெரியும்.

கரைப்பாறையில் நடக்க அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய வற்றம் ஏற்றது. இங்கே ஏற்ற வற்ற வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் மற்ற நாட்களில் பாறை அதிகம் வெளித்தெரியாது. பச்சைப் பாசி படிந்த இடம் வழுக்கும்; சொரசொரப்பான வெறும் பாறையில் கால் வையுங்கள். கெட்டி அடியுள்ள செருப்பு கட்டாயம், கடல் முள்ளெலி குத்தினால் முள் உள்ளேயே முறியும். கல்லைப் புரட்டினால் அப்படியே திருப்பி வைத்துவிடுங்கள். அடிப்பக்கத்துக் கடற்பஞ்சும் குட்டி நண்டும் வெயிலில் கொஞ்ச நேரத்திலேயே காய்ந்து சாகும்.

பவளத்தை எடுத்துவருவது 2001 முதல் வன உயிர்ச் சட்டப்படி குற்றம், செத்த துண்டாக இருந்தாலும். நீருக்கடியில் கிடக்கும் அந்தத் துண்டின் மேல்தான் மிதந்துவரும் புதிய பவளக் குஞ்சு ஒட்டிக்கொண்டு கட்டத் தொடங்கும்.