சுரங்கச் சுவர் வியர்த்தால் ஆளை மேலேற்ற வேண்டும்: நிலக்கரி தானாகத் தீப்பிடிப்பது பற்றிய விதிகள்

நிலக்கரிக்கு யாரும் நெருப்பு வைக்க வேண்டியதில்லை. புதிதாக உடைபட்ட கரி காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும், அப்போது சூடு பிறக்கும். காற்று நன்றாக ஓடினால் சூட்டை அடித்துக்கொண்டு போய்விடும். காற்றே இல்லாவிட்டால் சூடே பிறக்காது. கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று கசியும் இடம்தான் ஆபத்து. கரியை எடுத்து முடித்து, கூரையை இடிய விட்ட பகுதி அப்படிப்பட்டது. சுரங்கத்தில் அதை ‘கோஃப்’ என்பார்கள். ஈரத்தோடு போட்ட வைக்கோற்போர் உள்ளுக்குள் புகைவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்.

ஜார்க்கண்டின் ஜாரியாவில் 1916இல் முதல் தீ பதிவானது. அந்த நிலக்கரி வயலில் தீ இன்றும் முழுதாக அணையவில்லை. 1994 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் நியூ கெண்டா சுரங்கத் தீயில் 55 பேர் மூச்சுத்திணறி இறந்தார்கள். நிலத்தடித் தீயில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் சுவாலை அல்ல, கார்பன் மோனாக்சைடு. அதற்கு வாசனை கிடையாது.

இந்தியாவில் இதற்கான விதிகள் 2017ஆம் ஆண்டின் நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறைகளில் இருக்கின்றன. 1957இல் வந்த பழைய ஒழுங்குமுறைகளுக்குப் பதிலாக வந்தவை இவை. கண்காணிப்பது தன்பாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம்.

முதலில், அந்தக் கரி எவ்வளவு சீக்கிரம் சூடேறும் என்று சோதிக்க வேண்டும். கரியை மாவாக அரைத்து, அதன் வழியே காற்றையோ ஆக்சிஜனையோ செலுத்தி, நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் அடுப்பைச் சூடாக்குவார்கள். தொடக்கத்தில் அடுப்பு முந்தும். ஒரு கட்டத்தில் கரி அடுப்பை எட்டிப்பிடித்துத் தாண்டிவிடும். அந்த வெப்பநிலை 120 முதல் 140 டிகிரிக்குள் இருந்தால் மிக எளிதில் தீப்பிடிக்கும் கரி, 140 முதல் 160 வரை நடுத்தரம், அதற்கு மேல் அபாயம் குறைவு.

அப்புறம் நேரக்கணக்கு. என் பார்வையில் விதியின் உயிரே இதுதான். ஒரு பகுதியில் கரி வெட்டத் தொடங்கியதிலிருந்து சூடேறும் அறிகுறி வரும்வரை ஒரு கால அளவு உண்டு. சில சுரங்கங்களில் அது சில மாதங்கள்தான், சிலவற்றில் ஓராண்டைத் தாண்டும். சுரங்கத்தைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். எந்தப் பகுதியும் அந்தக் காலத்துக்குள் வெட்டி முடிக்க முடியாத அளவுக்குப் பெரிதாக இருக்கக் கூடாது. கூரையைத் தாங்க விட்டுவைத்த கரித் தூண்களை எடுக்கும் முன்பே வாசல்களுக்குத் தடுப்புச் சுவர் எழுப்ப ஏற்பாடு செய்திருக்க வேண்டும். சூடு தெரிந்த பிறகு செங்கல் தேடி ஓடுவதில் பயனில்லை. இயந்திரம் பழுதாகி, ஆள் குறைந்து வேலை இழுத்துக்கொண்டே போகும் பகுதியில்தான் கெடு நழுவும். உற்பத்திக் கணக்கைப் பார்க்கும் மேலாளர் அதே கண்ணால் இந்த நாட்காட்டியையும் பார்க்க வேண்டும்.

மூடிய பகுதியின் காற்றைக் குழாய் வழியே எடுத்துச் சோதிப்பார்கள். காற்றில் குறைந்துபோன ஆக்சிஜனின் அளவோடு ஒப்பிட, உண்டான கார்பன் மோனாக்சைடு எத்தனை சதவீதம்? இந்தக் கணக்குக்கு கிரகாம் விகிதம் என்று பெயர். 0.4க்குள் இருந்தால் வழக்கமானது. 1ஐத் தொட்டால் சூடேறுகிறது என்றே கொள்ளலாம். 3ஐத் தாண்டினால் தீ. ஒரு நாள் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது, அது வாரா வாரம் ஏறுகிறதா என்பதே முக்கியம்.

கருவி சொல்லும் முன்பே கண்ணும் மூக்கும் சொல்வதும் உண்டு. கூரையிலும் சுவரிலும் வியர்வை போல நீர்த்துளி கோக்கும், காற்று லேசாக மங்கும், பெட்ரோலோ மண்ணெண்ணெயோ போல ஒரு வாடை வரும். இதைக் கண்டால் உடனே சுரங்க மேற்பார்வையாளர்களான சர்தாரிடமோ ஓவர்மேனிடமோ சொல்லுங்கள். புகையோ தீயின் வேறு அறிகுறியோ தெரிந்தால், அதைச் சமாளிக்கத் தேவையானவர்கள் தவிர மற்ற எல்லோரையும் உடனே வெளியேற்றுவது விதி. ‘ஷிஃப்ட் முடியட்டும்’ என்பதற்கு அதில் இடமில்லை. தகுதி பெற்றவர் சோதித்துப் பதிவேட்டில் எழுதிய பிறகுதான் திரும்ப இறங்கலாம்.

கரி தானாகச் சூடேறினாலே, ஆள் யாரும் அடிபடாவிட்டாலும், அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் 23ஆம் பிரிவு எழுதி வைத்தது. அந்த அறிவிப்பின் ஒரு பிரதியைத் தொழிற்சங்கத்தினர் பார்க்கும்படி பலகையில் குறைந்தது 14 நாள் ஒட்டி வைக்கவும் சொன்னது. 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இந்தப் பழைய சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொள்கிறது. சட்டத்தின் பெயர் மாறினாலும், சங்கங்கள் அந்தப் பலகையைக் கேட்டு வாங்க வேண்டும்.