அரச தனியதிகாரம்: சொல்லும் அதன் எல்லையும்

பிரிட்டனின் அரசியலமைப்பைப் படிக்கும் எவரும் 'ராயல் பிரிராகட்டிவ்' என்ற சொல்லைத் தாண்டிப் போக முடியாது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றிக் கொடுக்காமல், பழங்காலத்திலிருந்தே மன்னர் கையில் தங்கிவிட்ட அதிகாரங்களுக்கு அந்தப் பெயர். போர் அறிவிப்பது, பிற நாடுகளோடு ஒப்பந்தம் செய்வது, தண்டனையை மன்னிப்பது, பாஸ்போர்ட் வழங்குவது எல்லாம் இதில் வரும். பெயர் மன்னருடையது, இன்று இவற்றில் பெரும்பாலானவை நடப்பது பிரதமர், அமைச்சர்கள் சொற்படிதான்.

மூலம் லத்தீன். 'பிரே' என்றால் முன், 'ரோகாரே' என்றால் கேட்பது. பண்டைய ரோமில் மக்களவை கூடும்போது ஒரு வாக்குப் பிரிவைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, அதனிடம் முதலில் வாக்குக் கேட்பார்கள். அந்தப் பிரிவைக் குறித்த சொல்தான் பிற்பாடு 'மற்றவருக்கு இல்லாத உரிமை' என்று விரிந்தது.

தமிழில் 'அரசுரிமை' என்றால் அரியணைக்கான வாரிசுரிமை ஆகிவிடும். 'சிறப்புரிமை' சட்டமன்ற உறுப்பினர்களுக்கென்று பழகிவிட்டது. 'தனியுரிமை' இப்போது அந்தரங்கத்தைக் குறிக்கிறது. ஆகவே 'அரச தனியதிகாரம்' என்பதே சரி என்பேன். உரிமை என்றால் கேள்வி கேட்கத் தயங்குவோம். அதிகாரம் என்றால் அது எதுவரை என்று கேட்டே தீருவோம்.

1610இல் அப்படித்தான் கேட்டார்கள். லண்டனில் புதிய கட்டடங்கள் கூடாது, கோதுமையிலிருந்து துணிக் கஞ்சிமாவு எடுக்கக் கூடாது என்று முதலாம் ஜேம்ஸ் பிரகடனம் போட்டிருந்தார். நாட்டின் சட்டம் அனுமதிப்பதைத் தவிர மன்னருக்கு வேறு தனியதிகாரம் கிடையாது என்றார் நீதிபதி எட்வர்ட் கோக்.

இன்னொரு வழக்கு ஒரு ஓட்டலைப் பற்றியது. முதல் உலகப் போரின்போது, 1916இல், லண்டனில் தேம்ஸ் கரையோரம் இருந்த டி கெய்சர் ஓட்டலை விமானப்படை அலுவலகத்துக்காக அரசு எடுத்துக்கொண்டது. உரிமையாளர்கள் நஷ்ட ஈடு கேட்டார்கள். தனியதிகாரத்தில் எடுத்தோம், தர வேண்டியதில்லை என்றது அரசு. ஆனால் இப்படி இடம் எடுத்தால் ஈடு தர வேண்டும் என்று 1842ஆம் ஆண்டுச் சட்டமே இருந்தது. ஒரு விஷயத்தில் சட்டம் வந்துவிட்டால் அங்கே தனியதிகாரம் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று 1920இல், அப்போது நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான தீர்ப்பு. சட்டம் இருக்கும்போதே அதைச் சுற்றிக்கொண்டு போகும் வழியை அது அடைத்தது.

2019இல் பிரதமர் போரிஸ் ஜான்சன் யோசனைப்படி நாடாளுமன்றக் கூட்டத்தொடர் சுமார் ஐந்து வாரத்துக்கு முடித்துவைக்கப்பட்டது. தக்க காரணமின்றி நாடாளுமன்றத்தின் பணியைத் தடுக்கும் அளவுக்குத் தனியதிகாரம் நீளாது என்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள். கூட்டத்தொடரை முடித்துவைக்கும் ஆணையோடு நாடாளுமன்றத்துக்கு வந்த அரசப் பிரதிநிதிகள் வெற்றுத் தாளோடு வந்ததற்குச் சமம் என்று தீர்ப்பில் எழுதினார்கள்.

2022இல் வந்த சட்டமோ, நாடாளுமன்றத்தைக் கலைக்கும் பழைய தனியதிகாரத்தை மீட்டுக் கொடுத்து, அதை எந்த நீதிமன்றமும் விசாரிக்கக் கூடாது என்றும் எழுதிவைத்தது. இம்முறை வாசலை மூடியது நாடாளுமன்றமே என்பது கவலை தருகிறது.