உருளை கருகியது, கோஸ் நிமிர்ந்தது

டிசம்பர் கடைசியில் ஒரு காலை, ஊட்டியை அடுத்த தலைகுந்தாவில் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். மணி ஆறரை. புல் மேல் உப்பைத் தூவியதுபோல் உறைபனி. கோஸ் இலையைத் தொட்டால் கண்ணாடித் தகடாட்டம் விறைத்திருந்தது. பத்து மணிக்கு வெயில் ஏறியதும் அது பழையபடி நிமிர்ந்துகொண்டது. பக்கத்துப் பாத்தியில் உருளை இலைகளோ வெந்நீரில் போட்ட கீரைபோல் கறுத்துத் தொங்கின.

"ரெண்டுக்கும் ஒரே தண்ணி, ஒரே உரம்தான் சார் விட்டேன்" என்றார் தோட்டக்கார அக்கா.

கோஸ் குளிருக்குப் பழகிக்கொள்ளும். உறைபனிக்கு முந்தைய வாரங்களில் இரவுக் குளிர் மெல்ல மெல்லக் கூடும்போதே அது தயாராகத் தொடங்கிவிடுகிறது. செல்லுக்குள் சர்க்கரை சேர்கிறது. செல்லைச் சுற்றியுள்ள சவ்வு குளிரில் இறுகிப்போகாதபடி அதன் கொழுப்பு மாறுகிறது. பனிக்கட்டி முதலில் உருவாவது செல்களுக்கு இடையிலுள்ள வெளியில்தான். அது செல்லிலிருந்து நீரை உறிஞ்சும்; பழகிய செல் அதைத் தாங்கும், பழகாத செல்லின் சவ்வு கிழிந்துபோகும். பனிக்காலத்து கேரட் கூடுதலாக இனிப்பதும் இந்தச் சர்க்கரையால்தான்.

நாம் பயிரிடும் உருளைக்கு இந்தப் பழக்கம் வராது. தென் அமெரிக்காவில் அதன் காட்டு உறவுகள் சிலவற்றுக்கு உண்டு. நம் உருளை இலை பூஜ்ஜியத்துக்குக் கீழே இரண்டு மூன்று டிகிரி போனாலே கருகிவிடும். இதில் அக்காவின் தவறு ஒன்றும் இல்லை.

ஆனால் உரம் விட்ட நேரத்தைக் கேட்டேன். பனிக்குப் பத்து நாள் முன்பு யூரியா. அது இளந்தளிரைக் கிளப்பிவிடும். தளிர்தான் முதலில் கருகும். பழகும் பயிருக்குக்கூட அந்த நேரத்தில் யூரியா கெடுதல். உறைபனிக்கு முன்னால் வரும் நீர்ப்பனி தொடங்கிவிட்டால், தயவுசெய்து யூரியா போடுவதை நிறுத்துங்கள்.

வானம் தெளிந்து காற்று அசையாத மாலைகளில், இருட்டுமுன் மண்ணை நனைத்துவிடுங்கள். ஈர மண் அடியில் தங்கிய பகல் சூட்டை எளிதாக மேலே கடத்தி இரவில் விடும். குளிர்காற்று கனமானது, பள்ளத்தில் தேங்கும். பள்ளத்தில் கோஸ் போடலாம், உருளையைச் சரிவுக்கு மாற்றலாம். தேயிலையில் கருகிய தளிரை உடனே கவாத்து செய்ய, அதாவது வெட்டிவிட, வேண்டாம். வெட்டினால் அடுத்து வரும் துளிரையும் பனி பிடித்துவிடும்.

கிளம்புமுன் ஒரு உருளைச் செடியின் அடித்தண்டை நகத்தால் கீறினேன். உள்ளே பச்சை இருந்தது. "பிடுங்காதீங்க அக்கா, கீழிருந்து துளிர் வரும்" என்றேன். கையிலெடுத்த மண்வெட்டியை வேலியோரம் சாய்த்துவைத்தார்.